பூசணிக்காய் உடைக்கும் வரை

என் ஓரகத்தி சிந்தாமணிக்கு அழத் தெரியாது. பொறாமையில் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். பொறாமையில்தான் சொல்கிறேன், ஆனாலும் அது உண்மை. மேடையில் அழ வேண்டிய இடம் வந்தால் அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. கதவுப் பக்கம் திரும்பி, முந்தானை நுனியை விரலில் சுருட்டிக்கொண்டு சும்மா நிற்பாள். அவ்வளவுதான். முன்வரிசையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். நான் பதினெட்டு வருடமாகக் குடம் குடமாக அழுதிருக்கிறேன். எனக்காக ஒருத்தரும் கைக்குட்டையைத் தேடியதில்லை.

எங்களுடையது மில் சங்கு நாடகக் குழு. கோயம்புத்தூரில் சிங்காநல்லூர்ப் பக்கம், மூடிக் கிடக்கும் ஒரு நூல் மில்லின் பஞ்சு குடோன்தான் எங்கள் அரங்கம். கூரைமேல், ஷிப்ட் மாற ஊதும் அந்தக் காலத்துச் சங்கு இன்னும் இருக்கிறது. நாடகம் தொடங்கும் முன்பு அதை ஒரு தடவை ஊதுவோம். "இன்னைக்கு ஆருக்குங் சங்கு?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருகிறவர்கள் உண்டு. மாமனார் ஆரம்பித்த குழு. அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் சென்னியப்பன் எழுதுகிறார், இயக்குகிறார், விளக்கும் அவரே போடுகிறார். கொழுந்தன் தீரன் நடிப்பான், ஸ்பீக்கர் தூக்குவான். பெண் வேடம் எல்லாம் நான், இந்த வசுமதிதான். தீரன் கல்யாணம் கட்டி இவளைக் கூட்டிவரும் வரைக்கும்.

வரும்போது அவள் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்தாள். நாடகம் என்றால் பள்ளி ஆண்டு விழாவில் மரமாக நின்றதுதான். ஒரு நாள் ஆள் குறைகிறது என்று ஒற்றை வசனம் கொடுத்தோம். கொடுத்தவள் நான்தான். என் வாயில் மண்ணை நானே அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

மாமனார் எங்களுக்கு ஒரு சட்டம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரு நாடகம் ஓடிக்கொண்டிருக்கும்போது குழுவுக்குள் யாரும் யாரையும் பாராட்டக் கூடாது, குறையும் சொல்லக் கூடாது. பேப்பரில் விமர்சனம் வந்தால்கூட மடித்து ஒரு முறுக்கு டின்னில் போட்டு மூடிவிடுவார். "கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக் கூடாது. அதுலயும் ஊட்டுக் கண்ணு ஆகவே ஆகாது" என்பார். கடைசிக் காட்சி முடிந்ததும் வாசலில் பூசணிக்காய் சுற்றி உடைப்போம். அப்புறம் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கொருவரைப் பற்றி மனசில் இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். பூசணிக்காய்ப் பேச்சு என்று அதற்குப் பெயர். இந்தச் சட்டத்தால் எங்கள் வீட்டில் எத்தனையோ சண்டை வராமல் போயிருக்கிறது. வராத சண்டை எல்லாம் உள்ளேயே கிடந்து புளித்தும் போயிருக்கிறது.

அந்த வருடம் 'ஒரு சாவி' என்று ஒரு நாடகம் போட்டோம். ஒருத்தன் செத்துப்போகிறான். அவன் வீட்டுக்கு ஒரே ஒரு சாவி. அதற்கு இரண்டு பெண்கள் உரிமை கொண்டாடுகிறார்கள். ஒருத்தி நான், இன்னொருத்தி சிந்தாமணி என்கிற சிந்து. பூட்டுக்காரனாகத் தீரன் வருவான். ஒத்திகை ஆரம்பித்த அன்றைக்கு வீட்டுக்காரர் சொன்ன ஒரு சொல் என் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது.

"தனியாள் நாடகத்தை அடுத்ததாப் போட்டுறலாம். ஜனங்க ரெண்டு பேர்ல ஆரை விரும்பிப் பாக்கறாங்கன்னு இந்த ஓட்டத்துல பாத்துக்குவோம். பூசணிக்கா அன்னைக்கு முடிவு பண்ணிக்கலாம்."

தனியாள் நாடகம் என்பது ஒரே ஒரு பெண், மேடையில் ஒன்றரை மணி நேரம். எங்களுக்குக் கல்யாணம் ஆன புதிதில், சமையல்கட்டில் நான் யாரோ மாதிரி பேசிக் காட்டியதைப் பார்த்துவிட்டு அவர் எழுதியது. எனக்காக எழுதியது. பதினெட்டு வருடமாக இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போன நாடகம். அதற்கு இப்போது இரண்டு பேர் போட்டியாம்! அன்றைக்கு ரசத்தில் உப்பைக் கூடப் போட்டேன், அவ்வளவுதான்.

குழுவின் விளம்பர வேலை என் தலையில். வாட்ஸப்பில் செய்தி அனுப்புவது, ரீல்ஸ் போடுவது, பதில் எழுதுவது எல்லாம் நான். என்ன போட்டாலும் முப்பது நாற்காலிக்கு மேல் நிறையாது. அப்போதுதான் ரோஷினி என்கிற பெண் வந்தாள். 'நேர்விழி' என்று ஒரு விளம்பர மென்பொருளை விற்கிற கம்பெனிக்காரி. சின்னக் குழுக்களுக்கு முதல் ஓட்டம் இலவசம் என்றாள்.

"நீங்க ஒண்ணுமே எடிட் பண்ண வேண்டாம் மேடம்" என்றாள். "ஆறு குட்டிக் கேமரா மாட்டிடுவோம். ஒத்திகை, ஷோ எல்லாத்தையும் அதுவே எடுத்துக்கும். ட்ரெய்லரையும் அதுவே வெட்டும். ஆளுக்கு ஒரு ட்ரெய்லர்."

"ஆளுக்கு ஒண்ணா? எப்புடிங்க?"

"பாக்கறவங்க கண்ணு எந்த இடத்துல நிக்குதுன்னு அவங்க போனே கவனிக்கும். இப்ப வர்ற போன் எல்லாத்துலயும் அது இருக்குது. கண்ணு எங்க நிக்குதோ அதுக்குத் தகுந்தாப்புல அடுத்த தடவ புதுசா வெட்டிக் குடுக்கும். இட்லி கேக்கறவங்களுக்கு இட்லி, தோசை கேக்கறவங்களுக்கு தோசை. மாவு ஒண்ணுதான்."

எனக்குப் புரிந்தது. ஒருவருக்குப் பாட்டு மாறும், ஒருவருக்குக் கலர் மாறும், பெரியவர்களுக்கு எழுத்துப் பெரிதாக வரும். இப்படித்தான் புரிந்துகொண்டேன். புரிந்துவிட்டது என்று தலையை வேறு ஆட்டினேன்.

"இது குழு ஓனருக்கான லாகின்" என்று என் போனில் ஏற்றிக் கொடுத்தாள். "இதுல ஒரு பட்டன் இருக்கு பாருங்க. யாராவது 'என் முகம் வெளிய வர வேண்டாம்'னு சொன்னாங்கன்னா, அவங்க பேர்ல தொட்டாப் போதும். எல்லார் ட்ரெய்லர்ல இருந்தும் அவங்க முகத்தை எடுத்துடும்."

"அப்பிடி ஆரு சொல்லுவாங்க? முகத்தைக் காட்டத்தான நாங்க நடிக்கறோம்" என்று சிரித்தேன்.

முதல் வாரமே குடோன் நிறைந்தது. இரண்டாம் வாரம் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் நாற்காலி இரவல் வாங்கினோம். வீட்டுக்காரர் முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து வெகுநாளாகிவிட்டது. ஊரே எங்கள் ட்ரெய்லரைப் பார்க்கிறது. சரி, நாமும் பார்ப்போம் என்று ஓனர் லாகினைத் திறந்தேன்.

சிந்து. கதவுப் பக்கம் திரும்பி முந்தானை நுனியைச் சுருட்டுகிறாள்.

அவ்வளவுதான் ட்ரெய்லர். பின்னால் என் குரல் கேட்கிறது. நான் தொண்டை கிழியக் கத்தும் வசனம், அதுவும் பாதியில் வெட்டுப்பட்டு. என் முகம் இல்லை.

சரி, இன்றைக்கு ஒரு நாள் அப்படி அமைந்துவிட்டது என்று விட்டேன். மறுநாள் திறந்தால் சிந்து தண்ணீர் குடிக்கிறாள். அதற்கும் மறுநாள் சிந்து சாவியைக் கீழே போடுகிறாள். ஒரு தடவை என் தோள்பட்டை வந்தது. தோளுக்கு அந்தப் பக்கம் அவள் முகம். என்னை மதில் சுவர் மாதிரி நிறுத்தி வைத்து அவளை எட்டிப் பார்க்கிறார்கள்! ஒரு நாளைக்கு ஒரு தடவை பார்த்தவள் பத்துத் தடவை பார்க்க ஆரம்பித்தேன். சரிபார்க்கத்தான். சாப்பிடும்போது, பஸ்ஸில், பாத்ரூமில்கூட. அவள் எந்த இடத்தில் மூச்சை இழுக்கிறாள், எந்த இடத்தில் இமையைத் தாழ்த்துகிறாள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. எரிய எரியப் பார்த்தேன்.

யாரிடம் கேட்பது? வீட்டுக்காரரிடம் வாயைத் திறந்தால், "பூசணிக்கா ஒடைக்கட்டும்" என்று முடித்துவிடுவார். தீரனும் அப்படித்தான். அவளிடம் கேட்பதற்கு நான் செத்துப்போகலாம். வெளியே கேட்கலாம்தான். காய்க் கடைக்காரம்மா தானாகவே சொன்னாள்: "ஏனுங் அம்மிணி, உங்க ஊட்டு நாடகத்தைப் போன்ல பாத்தனுங். அந்தப் புள்ளை என்னமாப் பண்ணுது!" எந்தப் புள்ளை என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. நரை மறைக்க மை போடுகிறவளையா புள்ளை என்பார்கள்? கத்தரிக்காயைத் திருப்பிக் கொட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை, நாடகம் விட்டு வெளியே போகும்போது ஒரு தம்பதி வாசலிலேயே சண்டை போட்டார்கள்.

"சிரிப்பு நாடகம்னு சொல்லித்தான கூட்டியாந்தீங்க? இப்புடி அழுவ வெச்சுட்டீங்களே!" என்றாள் அந்த அம்மா.

"நான் பாத்ததுல பூட்டுக்காரன் ஏணியில இருந்து உளுகறதுதாண்டி வந்துச்சு!" என்றார் அவர்.

கேட்டுக்கொண்டேதான் நின்றேன். அப்போதாவது எனக்கு மண்டையில் உறைத்திருக்க வேண்டும். ஆனால் என் கண் அந்தப் பக்கம் இல்லை. கைகழுவும் இடத்தில் சிந்துவைச் சுற்றி நான்கு பெண்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அதை எண்ணிக்கொண்டிருந்தேன். என்னைச் சுற்றி இரண்டு பேர்தான்.

ஓட்டம் முடிய இரண்டு வாரம் இருந்தபோது வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே, "தனியாளுக்குச் சேலை ஒண்ணு எடுக்கோணும். வெளிர் நெறமா" என்றார்.

எனக்கு வெளிர் நிறம் எடுக்காது. அது அவருக்குத் தெரியும். சிந்து மாநிறத்தைவிட ஒரு பிடி வெளுப்பு, அவளுக்கு எது கட்டினாலும் எடுக்கும். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனை எடுத்தேன். சிந்தாமணி என்கிற பெயரைத் தொட்டேன். 'இந்த முகம் எல்லா ட்ரெய்லரிலும் நீக்கப்படும். சரியா?' என்று கேட்டது. சரியா என்று என்னை யாராவது கேட்டார்களா? தொட்டேன்.

இனி ட்ரெய்லர் முழுக்க நான்தான். வேறு யார் இருக்கிறார்கள்?

காலையில் திறந்தேன். மேடை வந்தது. நாற்காலி வந்தது. நாற்காலியின் கீழே ஒரு ஜோடி செருப்பு. சிந்துவின் செருப்பு. அதைக் கழற்றிவிட்டுத்தான் அவள் இரண்டாம் காட்சியில் உட்காருவாள். கேமரா அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றது. மறுநாள் சுவரில் ஒரு நிழல், முந்தானை நுனியைச் சுருட்டும் நிழல். அதற்கு மறுநாள் அவள் குடித்து வைத்த தம்ளர். என் முகம் இல்லை. அவளை எடுத்தாலும் அவள் செருப்புக்கு இருக்கும் மரியாதை எனக்கு இல்லை!

அது போதாதென்று, அந்த வெள்ளிக்கிழமை குடோனில் பாதி நாற்காலி காலி. சனிக்கிழமை அதைவிடக் குறைவு. வீட்டுக்காரர் இரவல் வாங்கிய நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்க அடுக்கிக்கொண்டிருந்தார். ரோஷினியைப் பிடித்து இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று அடுத்த திங்கட்கிழமை அவள் ஆபீசுக்கே போனேன்.

"ஏம்மா, உன்ற மிசினு கெட்டுப்போச்சா? செருப்பைக் காட்டினா ஆரு நாடகத்துக்கு வருவாங்க?"

அவள் என் போனை வாங்கிப் பார்த்தாள். "இது உங்க ட்ரெய்லர் மேடம்."

"எங்க ட்ரெய்லர்தான். எங்க நாடகம்தான."

"இல்ல மேடம், உங்களோட ட்ரெய்லர். வசுமதிங்கறவங்க கண்ணு எங்க போகுதோ அது. நான்தான் அன்னைக்கே சொன்னனே, ஆளுக்கு ஒண்ணுன்னு. ஓனர் லாகின்ல பட்டன்தான் கூட இருக்கும், படம் மத்தவங்களுக்கு வர்றாப்புலதான் வரும். நீங்க இந்தப் பொண்ணைத்தான் பாக்கறீங்க. முகத்தை எடுத்த பொறகு அவங்க செருப்பைப் பாக்கறீங்க."

"நான் ஒண்ணும் ஆசையாப் பாக்கலை" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

"அது அதுக்குத் தெரியாதுங்க மேடம். கண்ணு அங்க நிக்குதான்னுதான் பாக்கும். எதுக்கு நிக்குதுன்னு கேக்காது. பிரியமாப் பாத்தாலும் வயிறெரிஞ்சு பாத்தாலும் அதுக்கு ஒண்ணுதான்."

மாவு ஒன்றுதான் என்று அவள் அன்றைக்குச் சொன்னது ஞாபகம் வந்தது. "அப்ப ஊர்ல இருக்கறவங்க? அவங்க ஆரைப் பாத்தாங்க? சிந்துவைத்தான?"

அவள் கம்ப்யூட்டரில் எதையோ திறந்து உற்றுப் பார்த்தாள். "கொஞ்சப் பேரு அவங்களை. கொஞ்சப் பேரு உங்களை. ரெண்டும் கிட்டத்தட்டச் சரியாத்தான் இருக்கு. ஆனா முக்காவாசிப் பேரு பாத்தது வேற மேடம். சாவியை இடுப்புல சொருகிட்டு நீங்க அவங்களைப் பாப்பீங்க, அவங்க உங்களைப் பாப்பாங்க. ரெண்டு பேரும் ஒண்ணும் பேச மாட்டீங்க. அந்த எடம்தான். சீட்டு வாங்கினவங்க எல்லாம் அதைப் பாத்துட்டுத்தான் வாங்கிருக்காங்க. இப்ப அவங்க முகத்தை எடுத்ததுனால அந்த எடமே எங்கயும் வரலை." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள்: "திருப்பிப் போட்டுறட்டுங்களா?"

நான் போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். "நானே போட்டுக்கறேன்" என்றேன்.

போடவில்லை. வருகிற ஞாயிறோடு ஓட்டம் முடிகிறது. கூட்டம் குறைந்தால் குறையட்டும். இன்னும் ஒரு வாரம் அவள் முகம் ஊரில் தெரியாமல் இருந்தால் தனியாள் நாடகம் எனக்கு. பஸ்ஸில் வரும்போதே கணக்குப் போட்டுவிட்டேன். என்னைக் கெட்டவள் என்று சொல்லுங்கள், கவலையில்லை. பதினெட்டு வருடம் நீங்களா காத்திருந்தீர்கள்?

கடைசிக் காட்சி எப்போதும் ஞாயிறு பகலில். கால்வாசிக் கூட்டம். நன்றாகத்தான் நடித்தோம். சாவியை இடுப்பில் சொருகிவிட்டு அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். கூட்டம் மூச்சை அடக்கியது காதில் விழுந்தது. அது வரை ஒரு நாள்கூட நான் அதைக் கேட்டதில்லை.

ஜனம் கலைந்ததும் வாசலில் பூசணிக்காயில் துளை போட்டு, குங்குமமும் காசும் போட்டு, மேலே சூடம் ஏற்றினோம். வீட்டுக்கு மூத்த மருமகள் என்று சுற்றுவது எப்போதும் நான்தான். மூன்று பேரையும் நிற்கவைத்துச் சுற்றினேன். தீரன் வாங்கி ரோட்டில் போட்டு உடைத்தான். அப்புறம் குடோனுக்குள் வட்டமாக உட்கார்ந்தோம். தனியாள் நாடகத்தின் பிரதி வீட்டுக்காரரின் துணிப்பையில் இருந்தது. அதன் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

வயதில் சின்னவர்தான் முதலில் பேச வேண்டும். சிந்து கையைக் கட்டிக்கொண்டாள்.

"நான் அக்காவைப் பத்திச் சொல்றனுங்க. ட்ரெய்லர் வந்த நாள்ல இருந்து தெனமும் பாக்கறேன். ஒரு நாள்கூட நான் அதுல வரலைங்க. பூராவும் அக்காதான். அக்கா நடக்கறது, அக்கா கத்தறது, அக்கா கண்ணைத் தொடைக்கறது. மொதல்ல எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. பொறகு பாக்கப் பாக்கப் புரிஞ்சுதுங்க. சனம் சரியாத்தான் பாக்குது. என்னை ஆருமே பாக்கலைங்க மாமா. தனியாள் நாடகம் அக்காதுதான். நான் பழைய ஆபீசுல பேசிட்டேன். வர்ற மாசத்துல இருந்து வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க."

தீரன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

பாருங்கள், நான் கேட்டது தானே நடந்து வந்து என் மடியில் உட்கார்ந்துவிட்டது. ஆபீசில் சொன்னதை ரோஷினி வந்து இங்கே சொல்லப் போவதில்லை. "உன் நல்ல மனசுக்கு நல்லா இருப்ப" என்று இரண்டு வார்த்தை சொல்லி, இரண்டு சொட்டுக் கண்ணீரும் விட்டிருந்தால் முடிந்தது. அழத்தான் எனக்கு நன்றாக வருமே. ஆனால் 'என்னை ஆருமே பாக்கலை' என்று சொன்னாளே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஆருமே பார்க்கவில்லையா? அப்படியென்றால் இரண்டு மாதமாகச் சோறு தண்ணி மறந்து கண் பிதுங்கப் பிதுங்கப் பார்த்தேனே, நான் என்ன நாயா?

"ஆருமே பாக்கலையா?" என்று கத்தினேன். "நான் பாத்தனே! என்ற போன்ல உன்னைத் தவிர ஒரு ஈ காக்கா வரலை, தெரியுமா உனக்கு? எந்திரிச்சா நீ, படுத்தா நீ! ட்ரெய்லரு ஆளுக்கு ஒண்ணு புள்ளை. உன்றதுல நான்தான் வருவேன். நீ என்னைப் பாத்தா நான்தான் வருவேன். சனம் பாத்தது உன்னையும் இல்லை, என்னையும் இல்லை. நம்ம ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் மொறைச்சுக்கறதைப் பாக்கத்தான் சீட்டு வாங்கிட்டு வந்திருக்குது!"

பதினெட்டு வருட நாடகத்தை என் வாயாலேயே குழி தோண்டிப் புதைத்தேன். வாய்தான் நிற்கவில்லை.

அப்புறம் தீரன் மெதுவாக, "என்ற போன்ல நான் மூணாவது சீன்ல வசனம் மறந்து முழிக்கறது மட்டுந்தானுங்க அண்ணி வருது" என்றான். "ஊரே அதைப் பாத்துச் சிரிக்குதுன்னு நெனச்சு ரோட்டுல தலை குனிஞ்சே நடக்கறேன்."

வீட்டுக்காரர் தன் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு வெளக்கு. ரெண்டாவது சீன்ல ஒரு நாள் வெளக்கு லேட்டா வந்துச்சே, அது. வேற ஒண்ணுமே வந்ததில்லை." இத்தனை நாளாக நான்கு பேரும் நான்கு மூலையில் தனித்தனியாக வெந்திருக்கிறோம். ஒருத்தர் போனை ஒருத்தர் எட்டிப் பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் தீர்ந்திருக்கும். பூசணிக்காய் உடைக்கும் வரை பேசக் கூடாதே!

சிந்து கையை நீட்டினாள். "உங்க போனைக் குடுங்க்கா. நான் எப்புடி வர்றேன்னு பாக்கறேன்."

கொடுக்காமல் இருக்க வழியில்லை. வாங்கிப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது.

"இது என்ற செருப்புங்க்கா. நான் எங்க?"

"எடுத்துட்டேன்" என்றேன்.

"எங்க இருந்து?"

"எல்லார்த்துல இருந்தும். உன்ற மொகத்தை. ரெண்டு வாரமாச்சு."

வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். "அதனாலதான் கூட்டம் கொறைஞ்சுதா? அறிவிருக்கா வசு உனக்கு? தின்ற சோத்துல ஆராச்சும் மண்ணள்ளிப் போடுவாங்களா?" அவர் பிறர் எதிரில் என்னைப் பேசுகிறவர் இல்லை. அன்றைக்குப் பேசினார். தீரன் என்னைப் பார்க்கவே இல்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தனியாள் பிரதியைப் பைக்குள் அழுத்திவிட்டு அவர் பையை மடித்துக்கொண்டார்.

சிந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள். சந்தோஷச் சிரிப்பு இல்லை.

"ரெண்டு வாரமா என்ற மொகமே ஊர்ல இல்லை. எனக்குத் தெரியவே இல்லை பாருங்க. என்ற ட்ரெய்லர்ல ஒண்ணுமே மாறலையே."

எழுந்து உள்ளே போனாள். இடைவேளைக்கு டீ போடும் அடுப்பு பின்பக்கம் இருக்கிறது. டப்பாக்கள் உருளும் சத்தம் கேட்டது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பத்தான் போகிறாள் என்று நினைத்தேன். வந்தாள். ஒரு கை நிறையக் கல்லுப்பு, அதன்மேல் காய்ந்த மிளகாய்.

"கெழக்கப் பாத்து உக்காருங்க்கா."

"எதுக்கு?"

"ஊருக்கெல்லாம் நீங்க சுத்தறீங்க. உங்களுக்கு ஆரு சுத்திப் போடறது? உக்காருங்க."

திரும்பி உட்கார்ந்தேன். தலைக்குமேல் அவள் கை சுற்றியது. "ஊர்க் கண்ணு, ஒறவுக் கண்ணு, நாய்க் கண்ணு, நரிக் கண்ணு" என்று சொல்லிக்கொண்டே வந்தவள் ஒரு நொடி நிறுத்தினாள். "ஓரகத்தி கண்ணு" என்றாள். கையை என் முகத்துக்கு நேரே நீட்டி, "துப்புங்க" என்றாள். மூன்று தடவை துப்பினேன்.

நால்வரும் அடுப்படிக்குப் போனோம். ஏன் போனோம் என்று தெரியாது, அவள் நடந்தாள், பின்னாலேயே நடந்தோம். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான். கண் படாதவருக்குச் சுற்றிப் போட்டால் மிளகாய் நெடி தொண்டையைக் கிழித்துவிடும். கண் பட்டிருந்தால் நெடியே வராது.

அடுப்பில் கரி கனன்றுகொண்டிருந்தது. கையிலிருந்ததை அதில் போட்டாள். உப்பு படபடவென்று வெடித்தது. மிளகாய் சுருண்டு கறுத்தது. தீரன் முன்கூட்டியே துண்டை மூக்கில் பொத்திக்கொண்டான். வீட்டுக்காரர் கோபம் குறையாமலே ஓரடி தள்ளி நின்றார். நான் இருமலுக்குத் தயாராக நின்றேன். புகை எழுந்து எங்கள் முகத்துக்கு நேராக வந்தது.

ஒரு இருமல் வரவில்லை. ஒரு தும்மல் வரவில்லை. தீரன் துண்டை எடுத்துவிட்டு மோந்து பார்த்தான். குனிந்தும் மோந்து பார்த்தான்.

நான் சிந்துவைப் பார்த்தேன். அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

"அடிப்பாவி!" என்றேன்.

"டப்பால எனக்குச் சுத்தவும் இன்னும் மொளகா இருக்குதுங்க்கா" என்றாள் அவள், தலையைத் தூக்காமலே.